தோகார் தேய்த்த பதினெட்டு போல்ட்டுகள்

தோகாருக்கு வயிறு சரியில்லை என்று அவன் மனைவி தியுர்மா படகுத்துறையில் கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். வயிற்றுக்கு ஒன்றுமில்லை என்பது எங்களுக்குத் தெரியும். எரிச்சல்தான். அந்த எரிச்சலுக்குப் பெயர் மாருலி. தியுர்மாவின் கடைசித் தம்பி.

மாருலி மேடான் நகரத்தில் எட்டு வருஷம் லாரி ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்துவிட்டு ஏரிக்கரைக்குத் திரும்பியிருந்தான். திரும்பியவன் சும்மா இருந்தானா? தோகாரின் பட்டறையிலிருந்து நூறு அடி தள்ளி, அதே படகுத்துறையில், சிமெண்டுத் தரை போட்ட பட்டறை ஒன்றைக் கட்டினான். தோகாருக்கு வயது ஐம்பத்தொன்று, மாருலிக்கு முப்பத்துமூன்று. வேறு யாராவது பொடியன் இப்படிச் செய்திருந்தால் தோகார் கள்ளுக்கடையில் உட்கார்ந்து மூன்று தலைமுறையை இழுத்திருப்பான். இவனை ஒரு வார்த்தை சொல்ல முடியாது. எங்கள் கரையில் மாப்பிள்ளை முறுக்கு செல்லாது. பெண் கொடுத்த வீட்டார் கடவுளுக்கு அடுத்த படியில் இருப்பவர்கள். பெண் எடுத்தவன் அவர்கள் வீட்டு விசேஷத்தில் பன்றி அறுக்கவேண்டும், பரிமாறவேண்டும், கடைசியில் தட்டுக் கழுவவேண்டும். வயசு கணக்கிலேயே வராது.

அதனால் தோகார் சபையில் அவனை 'மச்சான், வாங்க மச்சான்' என்பான். வீட்டுக்குள் 'அந்தப் பய' என்பான். அதையும் தியுர்மா அடுப்படியில் இல்லாத நேரம் பார்த்துத்தான் சொல்வான்.

இத்தனைக்கும் தோகார் சாதாரணப்பட்ட மெக்கானிக் இல்லை. இந்த ஏரியில் ஓடும் மரப்படகுகளில் பாதிக்கு அவன்தான் வைத்தியன். எல்லாம் பழைய லாரி எஞ்சின்கள். சூடேறினால் முதலில் வெடிப்பது எஞ்சினை மேலே மூடியிருக்கும் சிலிண்டர் ஹெட். ஹெட்டை மாற்றுவதைவிட அதைப் பிடித்து வைக்கிற போல்ட்டுகளைத் தேர்ந்தெடுப்பதுதான் வித்தை என்பான் தோகார். பழைய போல்ட் ஒவ்வொன்றையும் கம்பி பிரஷால் பளபளவென்று தேய்ப்பான். கண்ணாடித் துண்டின் மேல் உருட்டுவான். தள்ளாடினால் அது வளைந்தது. புது நட்டை மரையில் விரலால் ஓட்டுவான். பாதி வழியில் இறுகினால் அது இழுபட்டது. தேறாததைத் தூக்கி ஏரியில் எறிவான். பிறகு எஞ்சின் துளைகளில் மெல்லிய கம்பியை விட்டுப் பார்ப்பான். அடி மூடிய துளை என்றால் போல்ட்டுக்கு ஒரு சொட்டு ஆயில். தண்ணீர் ஓடும் அறைக்குள் திறக்கிற துளை என்றால் மரை முழுக்க ஷெல்லாக் பசை. பசை இல்லாவிட்டால் தண்ணீர் மரையைப் பிடித்துக்கொண்டே மேலேறி ஆயிலில் கலந்துவிடும். இதெல்லாம் தோகாருக்குத் தூக்கத்திலும் தெரியும்.

ருமொந்தாங் அக்காவின் படகு பதினெட்டு வருஷமாகத் தோகாரின் கையில்தான் இருந்தது. துறையிலேயே பெரிய படகு அது. வெள்ளிக்கிழமை பாலிகே சந்தைக்கு ஆளும் முட்டைக்கோசும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு போகும். அந்தப் படகை யார் பார்க்கிறானோ அவன்தான் துறையின் தலை மெக்கானிக் என்பது எழுதாத சட்டம். போன வருஷக் கடைசியில் அதன் ஹெட் மறுபடி வெடித்தது.

"அக்கா, இன்னொரு வாட்டி ஒட்டி, தேய்ச்சுச் சமம் பண்ணித் தந்துடறேன்" என்றான் தோகார்.

ருமொந்தாங் அக்கா வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினாள். "ஏற்கெனவே ரெண்டு வாட்டி தேய்ச்சாச்சு தம்பி. இன்னும் தேய்ச்சா அது ஹெட்டா இருக்காது, சோத்துத் தட்டா இருக்கும். உன் மச்சான் புது ஹெட், புது போல்ட் எல்லாம் மேடான்ல இருந்து வரவழைக்கிறேங்கிறான். பட்டறை தொறக்கிற அன்னைக்கே மாட்டித் தரானாம்."

"புது போல்ட்டா? எங்கிட்ட இருக்கிற பழசெல்லாம் இரும்பு அக்கா. இப்ப வர்றது தகரம்."

"அதை உன் மச்சான்கிட்டச் சொல்லு."

சொல்ல முடியாது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள். அவள் வாய் அப்படி.

திறப்பு விழா சனிக்கிழமை. தோகார் விடியற்காலையிலேயே போய்ப் பன்றியை வெட்டினான், விறகு பிளந்தான், தண்ணீர் சுமந்தான். பட்டறையின் நடுவே, விருந்தாளிகள் பார்க்கிற மாதிரி, ருமொந்தாங் அக்காவின் எஞ்சினை மேஜை மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். புது ஹெட் கல்யாணப்பெண் மாதிரி பளிச்சென்று உட்கார்ந்திருந்தது. ஜெபம் முடிந்ததும் மாட்டுவதாகத் திட்டம்.

மாருலி புதுச் சட்டையில் வந்தான். "மச்சான், ஒரே ஒரு உதவி. அந்தப் பாக்கெட்ல புது போல்ட் இருக்கு. எண்ணெய்ப் பிசுக்கா இருக்கும். துடைச்சு அட்டையில குத்தி வெச்சிடறீங்களா?"

முப்பது வருஷம் போல்ட் தேர்ந்தெடுத்தவனைப் பார்த்து, போல்ட் துடைத்துக் கொடு என்கிறான்! அதுவும் இரத்தக் கையோடு, பன்றிக் குடல் நாற்றத்தோடு நிற்கும்போது. தோகார் சிரித்தான். பல்லெல்லாம் தெரிந்தது, கண் சிரிக்கவில்லை.

"அதுக்கென்ன மச்சான்."

பின்பக்கம் போய் உட்கார்ந்து பாக்கெட்டைப் பிரித்தான். பதினெட்டு போல்ட். எல்லாவற்றின் மரையிலும் நுனியில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது, சுண்ணாம்பு தெறித்த மாதிரி. தோகாருக்குப் பரம சந்தோஷம். 'இதுதான் மேடான் சரக்கோட லட்சணமா!' துணியால் துடைத்தான், போகவில்லை. மாருலியின் புதுக் கம்பி பிரஷ் ஆணியில் தொங்கியது. எடுத்தான். யார்மேல் இருந்த கோபமோ, ஒவ்வொரு போல்ட்டையும் தோல் உரிகிற மாதிரி தேய்த்தான். அரைமணி நேரத்தில் பதினெட்டும் கண்ணாடி போல ஆகிவிட்டன. 'சுத்தம்னா என்னன்னு பாத்துக்கோடா' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே, துளையிட்ட அட்டையில் தலை மேலும் மரை கீழுமாகச் செருகிக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

மாருலிக்கு அதைப் பார்க்க நேரமேது? யாரோ ஒரு மருமகள் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் அதைப் பார்த்துப் பேசிக்கொண்டே ஒவ்வொரு போல்ட்டாக உருவித் துளையில் விட்டான். பிறகு குறித்த அளவு இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று சத்தம் போடும் நீளமான ரெஞ்சை எடுத்தான். நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்குப் போனான். ஒவ்வொரு 'டிக்'குக்கும் கூட்டம் கை தட்டியது. பாஸ்டர்கூடத் தட்டினார்.

தோகார் குழம்புச் சட்டியோடு ஓரமாக நின்று எண்ணிக்கொண்டிருந்தான். 'டிக்'கை அல்ல, ஷெல்லாக்கை. தண்ணீர் அறைக்குத் திறக்கும் துளைகள் அந்த எஞ்சினில் ஐந்து. அவனுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். ஒன்று போனது, பசை இல்லை. இரண்டாவது, இல்லை. ஐந்தும் போய்விட்டன. மாருலி பசை டப்பாவைத் தொடவே இல்லை.

தோகார் வாயைத் திறந்தான்.

பிறகு மூடிக்கொண்டான். பெண் எடுத்தவன் சபையில் பெண் கொடுத்தவனைத் திருத்தக்கூடாது, வழக்கம். வழக்கம் இவ்வளவு வசதியாக ஒரு மனிதனுக்கு எப்போதாவதுதான் வாய்க்கும். சபை கலைந்த பிறகு தனியாகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்கிறேன். சபை கலைந்த பிறகு அவன் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். விசிலடித்துக்கொண்டே கழுவினான் என்று தியுர்மா சொன்னாள்.

அதற்கப்புறம் தோகாருக்கு வெள்ளிக்கிழமைகள்தான் திருவிழா. காலையில் படகு புறப்படும்போது வந்து துறையில் நிற்பான். சாயங்காலம் திரும்பும்போதும் நிற்பான்.

"என்ன தோகார், யாரை வழியனுப்ப வந்தே?"

"காத்து வாங்க வந்தேன்."

முதல் வெள்ளி ஓடியது. இரண்டாவது வெள்ளியும் ஓடியது. தோகாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தியுர்மா வயிறு சரியில்லை என்று சொல்லித் திரிந்தது அப்போதுதான். மூன்றாவது வெள்ளி, சந்தையிலிருந்து திரும்பும் வழியில், நடு ஏரியில், மத்தியானக் காற்று கிளம்புகிற நேரத்தில் எஞ்சின் இருமி இருமி நின்றது. நாற்பத்திரண்டு பேர், விற்காத எட்டு மூட்டை முட்டைக்கோசு, ஒரு கல்யாணப் பார்ட்டி. படகு அலையில் குறுக்கே விழுந்து ஆட, பிள்ளைகள் கத்த, பெரியவர்கள் ஜெபம் சொல்ல, மீன்காரன் ஒருவன் வந்து கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்க்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. எஞ்சின் மூடியைத் திறந்தால் உள்ளே ஆயில் பால் ஊற்றிய காப்பி மாதிரி இருந்தது.

அன்று ராத்திரி தோகார் மூன்று தட்டு சோறு சாப்பிட்டான்.

மறுநாள் ருமொந்தாங் அக்கா எஞ்சினைக் கைவண்டியில் ஏற்றி, மாருலியின் சிமெண்டுத் தரையைத் தாண்டி, நேரே தோகாரின் மண்தரைக்குக் கொண்டுவந்தாள். துறையே வேடிக்கை பார்த்தது.

"கழட்டு. ஆனா புது போல்ட்தான் போடணும். எம் மருமகன் பஸ்ல பார்சல் போட்டுட்டான், நாளைக்கு வந்துரும். உன் டின்ல இருக்கிற கெழட்டு போல்ட்டெல்லாம் வேணாம்."

"நீ சொன்னா சரி அக்கா" என்றான் தோகார், சர்க்கரையாக. பழைய இடம் திரும்பக் கிடைத்த மனுஷனுக்கு எந்த போல்ட்டாக இருந்தால் என்ன?

ஹெட்டைக் கழற்றினான். அவன் எண்ணிவைத்திருந்த அதே ஐந்து போல்ட்டிலும் துரு கோடு போட்டிருந்தது. தண்ணீர் ஏறின தடம். 'நான் அப்பவே பாத்தேன்' என்று கள்ளுக்கடைக்குப் போய்ச் சொல்லத் துடித்தான். அப்பவே பார்த்தவன் ஏன் அப்பவே சொல்லவில்லை என்று எவனாவது கேட்பானே என்று அடக்கிக்கொண்டான்.

ஞாயிறு, கோயில் முடிந்து வந்து பார்சலைப் பிரித்தான். அதே பாக்கெட். அதே பதினெட்டு. அதே வெள்ளைச் சுண்ணாம்பு. கை தன்னால் கம்பி பிரஷை எடுத்தது. பாக்கெட்டிலிருந்து ஒரு தாள் மடங்கிக் கீழே விழுந்தது. எழுத்து ஏதோ புரியாத வெளிநாட்டு பாஷை. படம் எல்லாருக்கும் பொது. முதல் படத்தில் வெள்ளை நுனி போட்ட போல்ட் தண்ணீர் அறைக்குள் இறங்குகிறது, ஒரு சொட்டு வெளியே வரவில்லை. இரண்டாவது படத்தில் ஒரு கை, அதில் ஒரு கம்பி பிரஷ், அதன்மேல் சிவப்பில் பெரிய பெருக்கல் குறி.

தோகார் அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தலைகீழாகவும் பார்த்தான். எப்படிப் பார்த்தாலும் அந்தக் கை அவன் கைதான்.

வெள்ளை அழுக்கு இல்லை. பசை. கம்பெனியிலேயே தடவிக் காயவைத்து அனுப்புகிறார்கள். மாருலி ஷெல்லாக் போடாததற்குக் காரணம் மறதி இல்லை. போடத் தேவையில்லாமல் இருந்தது, தோகார் உட்கார்ந்து தேய்த்து எடுக்கும் வரைக்கும்.

தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பதினெட்டு போல்ட்டையும் மெல்லிய துணியால், குழந்தையின் மூக்கைத் துடைக்கிற மாதிரி துடைத்து மாட்டினான். வெள்ளிக்கிழமை படகு ஓடியது. எஞ்சின் பூனை மாதிரி உறுமியது. கரை முழுக்க ஒரே பேச்சு: "தோகார்னா தோகார்தான். மேடான்ல படிச்சவன் படிச்சவன்தான், கைத்தொழில் கைத்தொழில்தான்." மாருலியின் சிமெண்டுத் தரையில் கோழி மேய்ந்தது.

கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. நிம்மதியாக இருக்கவேண்டியதுதானே? இல்லை. புதுசாக ஒன்று அரித்தது. மாருலி ஏன் பேசாமல் இருக்கிறான்? சண்டைக்கு வரவில்லை. தன் அக்கா தியுர்மாவிடம் வந்து புலம்பவில்லை. துறையில் எதிரே வந்தால் "மச்சான், சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போகிறான். தெரிந்து பேசாமல் இருக்கிறானா, தெரியாமலா? தோகாரால் அந்தக் கேள்வியோடு படுக்க முடியவில்லை. மறு ஞாயிறு தியுர்மாவிடம் பன்றிக்கறி சமைக்கச் சொன்னான். பெண் எடுத்தவன் கறி கொண்டுபோனால் பெண் கொடுத்தவன் கதவைத் திறந்துதான் ஆகவேண்டும்.

"எதுக்கு திடீர்னு என் தம்பி மேல பாசம்?" என்றாள் தியுர்மா.

"பாவம், தொழில் படுத்துடுச்சு. ஆறுதல் சொல்லலாம்னு."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஆனாலும் கறிக்கு மிளகு தூக்கலாகப் போட்டாள்.

மாருலியின் வீட்டில் சாப்பிட்டு முடித்து அவன் கை கழுவுகிற வரை தோகார் மழையைப் பற்றியும் மீனைப் பற்றியும் பேசினான். பிறகு மெல்ல, "அந்த ஹெட்டு விஷயம்... என்னதான் ஆச்சுன்னு ஏதாவது கண்டுபிடிச்சீங்களா மச்சான்?" என்றான்.

மாருலி துண்டால் கையைத் துடைத்தான். "படகு நின்ன அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டேன். ஆணியில தொங்குற பிரஷை எடுத்துப் பாத்தேன். கம்பிக்கு நடுவுல வெள்ளையா பொடி."

தோகார் காலித் தட்டை எடுத்து மறுபடி கீழே வைத்தான்.

"தப்பு எம்மேலதான் மச்சான். கையில எடுத்த போல்ட்டைப் பாக்காம கேமராவைப் பாத்துக்கிட்டு மாட்டினது நான். உங்களுக்கு அந்த மாதிரி போல்ட் வர்றது தெரியாதுன்னு எனக்கு உறைச்சிருக்கணும். சொல்லிக் குடுத்திருக்கணும்."

"ருமொந்தாங் அக்காகிட்ட...?"

"எதுக்குச் சொல்லணும்? அக்கா புருஷனைச் சந்தியில இழுத்துவிட்டா நம்ம வயல்ல நெல்லு விளையுமா? வாடிக்கை போனா வரும். விடுங்க."

அதோடு மாருலி விட்டானா? பெண் கொடுத்தவர்கள் வழக்கப்படி ஒரு பெரிய கெண்டை மீனை வேகவைத்து, தட்டில் சோற்றின்மேல் கிடத்தி, இரண்டு கையாலும் நீட்டி, "நோய் நொடி இல்லாம நல்லா இருங்க மச்சான்" என்று ஆசீர்வாதம் வேறு செய்து அனுப்பினான். முப்பத்துமூன்று வயசுப் பொடியன், ஐம்பத்தொரு வயசுக்காரனை!

தோகார் மீனைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு நடந்தான். வேறு எவனாக இருந்தாலும் கண் கலங்கியிருக்கும். இவனுக்கு உச்சந்தலை காந்தியது. பட்டறை அவனுடையது பெரிசு, சரி. ரெஞ்சு அவனுடையது ஒஸ்தி, சரி. நல்லவன் என்கிற பெயராவது ஐம்பது வருஷமாக இந்தக் கரையில் தோகாருக்குத்தான் இருந்தது. அதிலுமா முந்துகிறான் அந்தப் பய? ஊருக்குத் தெரியாமல், வாயை மூடிக்கொண்டு, மீன் வேறு கொடுத்து!

'அவன் மட்டும்தான் பெரிய மனுஷனா? நானும் காட்றேன்.'

இப்படித்தான் தோகார் உண்மை பேசப் போனான். மனசாட்சி உறுத்திப் போனான் என்று பாஸ்டர் பிற்பாடு ஒரு பிரசங்கத்தில் சொன்னார். பாஸ்டருக்கு என்ன தெரியும்?

வெள்ளிக்கிழமை, படகு சந்தையிலிருந்து திரும்பி, துறை ஜனக்கூட்டமாக இருந்த நேரம். மாருலியும் யாருடைய பம்புசெட்டையோ தூக்கிக்கொண்டு வந்திருந்தான். தோகார் அதைப் பார்த்துக்கொண்டுதான் படகுப் பலகைமேல் ஏறினான்.

"ருமொந்தாங் அக்கா! எல்லாரும் கேளுங்க. அன்னைக்குப் படகு நின்னது எம் மச்சானால இல்ல. போல்ட்டுல இருந்த பசையை அழுக்குன்னு நெனச்சுத் தேய்ச்சு எடுத்தது நான்." சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து விரித்துக் காட்டினான். பெருக்கல் குறி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தான்.

கூட்டம் "ஓ!" என்றது. தோகார் மாருலியைப் பார்த்தான். மாருலி பம்புசெட்டைக் கீழே வைத்துவிட்டு, வேண்டாம் வேண்டாம் என்று கையசைத்தான். அதைப் பார்க்கத் தோகாருக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா?

"இவ்வளவு நாளா இவன் தெரிஞ்சும் சொல்லலையா?" என்றார் ஒரு கிழவர். "பெண் கொடுத்தவன்னா இவனைத்தாண்டா சொல்லணும்!" "பெத்த வயிறு குளிரணும்!" என்றாள் வெங்காயக்காரி. நாலு பேர் மாருலியின் முதுகைத் தட்டினார்கள். தோகாரின் முதுகை ஒருவரும் தட்டவில்லை. அவன் கொண்டுவந்து போட்ட உண்மையை எடுத்து அப்படியே மாருலியின் கழுத்தில் மாலையாகப் போட்டுவிட்டார்கள்.

ருமொந்தாங் அக்கா மட்டும் தட்டவில்லை. வெற்றிலையை ஏரியில் துப்பிவிட்டுத் தோகாரைப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கறேன் தம்பி. உனக்குத்தான் அது பசைன்னு தெரியாது. அப்ப அவன் பசை போடாம மாட்டறான்னுதானே நீ நெனச்சிருப்பே? நீயும் அங்கதானே நின்னே?"

தோகார் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சட்டியோடு அடுப்படிக்குப் போயிருந்தேன் என்றால் முடிந்தது. ஆனால் பெரிய மனுஷனாகக் காட்ட வந்தவன் பாதியில் எப்படி இறங்குவது?

"நின்னேன்."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"அஞ்சு துளையும்?"

"அஞ்சும்."

"பாத்துட்டு, என் படகுல நாப்பத்திரண்டு பேரை ஏத்தி அனுப்பிட்டு, கரையில காத்து வாங்கிக்கிட்டு இருந்தே?"

தோகாரின் கையிலிருந்த தாள் காற்றில் படபடத்தது.

"அவன் பண்ணது கவனக்குறைவு. அதுக்குத் திட்டலாம், திருந்துவான். நீ பண்ணதுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியல. இனிமே எஞ்சின் அவங்கிட்டப் போகும்." அவள் இறங்கிப் போனாள்.

அப்போதுதான் மாருலி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். முகம் சிவந்திருந்தது. ஆசீர்வாதம் செய்த முகம் அது இல்லை.

"பாத்துக்கிட்டு நின்னியா?" என்றான். 'நீங்க' என்ற மரியாதை போய்விட்டது. "அந்தக் கல்யாணப் பார்ட்டியில எம் பொண்டாட்டி இருந்தா, தெரியுமா? வயித்துல புள்ளையோட! உனக்கு நான் மீன் குடுத்தேன்! ரெண்டு கையால குடுத்தேன்! நீ மனுஷனா? நீ என் அக்கா புருஷனா இல்லைன்னா இந்தத் தண்ணியிலயே முக்கியிருப்பேன்!" பெண் கொடுத்தவன் பெண் எடுத்தவனைச் சபையில் சொல்லக்கூடாத வார்த்தைகள் இன்னும் ஐந்தாறு சொன்னான். எழுதமுடியாது. கடைசியில் நாலு பேர் பிடித்து இழுத்துக்கொண்டு போகவேண்டியிருந்தது. அப்போதும் திரும்பித் திரும்பிக் கத்திக்கொண்டே போனான். முதுகைத் தட்டியவர்கள் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றார்கள்.

தோகார் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்தான். செய்தி அவனுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. தியுர்மா வாசற்படியில் அகப்பையோடு நின்றாள்.

"படகு போச்சா?"

"போச்சு."

"மானம்?"

"போச்சு."

"எந்தம்பி அசிங்க அசிங்கமாத் திட்டினானாமே, அத்தனை பேருக்கு முன்னால?"

"ஆமா. நாக்கு கூசாமத் திட்டினான்" என்றான் தோகார். சொல்லும்போது அவன் மீசைக்கடியில் ஏதோ அசைந்ததைத் தியுர்மா பார்த்தாள். அது என்ன என்று அவளுக்கு விளங்கவில்லை, எனக்கு விளங்குகிறது. நாற்பத்திரண்டு பேரைப் பற்றிய வெட்கம் அவன் நெஞ்சில் கல்லாகத்தான் கிடந்தது, அது இன்றைக்கும் கிடக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அவன் துறைப் பக்கமே வருவதில்லை. ஆனால் பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் வயிறு எரியவில்லை. அந்தப் பயலும் பெரிய மனுஷன் இல்லை, தன்னைப் போலக் கத்துகிறவன்தான்.

"சோறு போடவா, வேணாமா?" என்றாள் தியுர்மா, கோபம் குறையாமல்.

"போடு" என்றான். "கொஞ்சமாப் போடு."